உயிரணுவை ஆய்ந்த ஜானகி அம்மையார்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கண்டமங்கலம். அதனைச் சூழ்ந்த வயல்களில் நெல்லோடு கரும்பும் விளைகின்றது. தைத்திங்களில் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களுக்குச் செல்வோர் இருவகைக் கரும்புகளைக் காணலாம். பொங்கற் பானையின் அருகே சாத்திவைக்கப்பெறும் பன்னீர்க் கரும்பு ஒன்று. ஆலைக்கு அனுப்புவதற்காக வயலில் ஓங்கி நிற்கும் கரும்பு மற்றொன்று. முன்னது பருத்தது, கடித்துச் சுவைத்தற்கு மென்மையானது. பின்னது வன்மை மிக்கது. பல்லுக்கு எளிதிற் பணியாதது. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கி நின்று சர்க்கரை தருவது. ஒரே பெயர் பூண்ட இவ்விரண்டும் இயல்பால் வேறுபட்டமைக்குக் காரணம் யாது?

கரும்பு தமிழருக்குப் புதிய பயிரன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. அக்கால முதல் உழவர் அதன் சுவையை அறிவர். ஆனால் அதன் இயல்புகளுக்கெல்லாம் மூலமாய் விளங்கும் நுண்பொருள் கண்ணுக்குப் புலனாகாத ஓர் அறைக்குள் ஒளிந்து கிடந்தது. அவ்வறையைத் திறந்து பார்த்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணியார். எண்பது வயதைக் கடந்த பின்னரும் காடு காக்கும் அறப்போரில் தம் அறிவைத் துணையாக நல்கியவர் அவர். அவரே ஜானகி அம்மாள் என்னும் தாவரவியல் அறிஞர் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் மலையாள நாட்டின் தலச்சேரி நகரிற் பிறந்தார். அந்நிலப்பகுதி அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஒரு கூறாக இருந்தது. அவருடைய தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். திவான் பகதூர் என்னும் பட்டம் பெற்றவர். அவர் வீட்டைச் சூழத் தோட்டம் அமைத்துச் செடிகொடிகளைப் பேணினார். தம் நாட்டுப் பறவைகளைப் பற்றி நூல் எழுதினார். அன்னையார் பெயர் தேவி. உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெருங்குடும்பத்தில், தந்தையாரின் தோட்டமே ஜானகிக்கு முதற் பள்ளியாயிற்று.

பெண்கள் இளமையிலேயே மணம் செய்விக்கப்பெற்று மனையறம் புகுதலே அக்கால வழக்கம். ஜானகியின் தமக்கையரும் தங்கையரும் அவ்வழியே சென்றனர். ஜானகியோ கல்வியையே தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. தலச்சேரியிற் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை வந்தார். இராணி மேரிக் கல்லூரியிற் பயின்ற பின்னர், மாநிலக் கல்லூரியில் தாவரவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று 1921ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்பு சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார்.

அந்நாளில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆசியப் பெண்களுக்கெனப் பார்பர் உதவித்தொகை என்னும் ஒன்றை வழங்கி வந்தது. ஜானகி அம்மையார் அதனைப் பெற்றுக் கடல் கடந்து சென்றார். அங்கே முதுகலைப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். சில காலத்திற்குப் பின் மீண்டும் அங்கே சென்று தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. தாவரவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் அவர் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட துறை, உயிரணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்து மரபியல்பின் காரணங்களைக் காணும் துறையாகும்.

நுண்ணோக்கியிற் கண்ட உலகம்

அம்மையார் தம் வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியின் வழியே நோக்கிய அவ்வுலகத்தை ஈண்டு நாமும் சிறிது காண்போம்.

செங்கல் பல அடுக்கப்பெற்று வீடு ஆவதுபோல, உயிரணுக்கள் பல சேர்ந்து உயிருடல் ஆகின்றது. இவ்வுயிரணுவையே செல் என்றும் கூறுவர். 1665ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டவராகிய இராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து நோக்கித் தேனடையிற் காணும் அறைகள் போன்ற சிற்றறைகளைக் கண்டார். அவற்றிற்குச் செல் எனப் பெயரிட்டார். அவர் கண்டவை உயிரற்ற வெற்றறைகளே. உயிருள்ள அறையோ பல உறுப்புகள் ஒருங்கிருந்து தொழில் செய்யும் ஒரு பட்டறையை ஒத்தது.

கரும்பைக் கடித்துத் தின்னும் ஒரு சிறுவனை நினைவிற் கொள்வோம். கடிபடுவது தாவரம், கடிப்பது விலங்கினத்தைச் சேர்ந்த உடல். இவ்விரண்டின் உயிரணுக்களுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் அக்காட்சியிலேயே விளங்கும்.

சாற்றை உறிஞ்சிய பின் அவன் துப்பும் சக்கையின் பெரும்பகுதி உயிரணுச் சுவர்களேயாகும். தாவர உயிரணு ஒவ்வொன்றையும் செல்லுலோசு என்னும் உறுதியான பொருளாலாகிய சுவர் சூழ்ந்துள்ளது. எலும்பில்லாத கரும்பு நிமிர்ந்து நிற்பது அச்சுவரின் வலிமையாலேயாம். கண்டமங்கலத்திற்கு வடக்கே உள்ள திருவக்கரையில், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கின்றன. அக்கல்மரங்களின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் நோக்கினால், அன்றைய உயிரணுச் சுவர்களின் வடிவம் இன்றும் புலனாகும். உயிர் நீங்கியும் வடிவம் நீங்காமைக்கு அச்சுவரே காரணம். சிறுவனின் உடலிலுள்ள உயிரணுக்களுக்கோ இத்தகைய சுவர் இல்லை. ஆதலின் அவன் தசை குழைந்து வளையும் தன்மையுடையதாயிற்று.

சுவருக்கு உட்புறம் மெல்லிய படலம் ஒன்று உண்டு. இஃது இருவகை உயிரணுக்களுக்கும் பொதுவானது. வாயிற்காவலன் வேண்டியவரை உள்ளே விட்டு வேண்டாதவரைத் தடுப்பதுபோல, இப்படலம் உயிரணுவினுள் புகுவனவற்றையும் வெளியேறுவனவற்றையும் வரையறுக்கின்றது. அதனுள்ளே நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருள் சைட்டோபிளாசம் எனப்படும். மற்றை உறுப்புகள் அதன்கண் அமைந்துள்ளன.

கரும்பின் தோகை பசுமையாக இருப்பதற்குக் காரணம் அதன் உயிரணுக்களில் உள்ள பசுங்கணிகங்கள். அவை கதிரவன் ஒளியைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக மாற்றுகின்றன. இலையில் உண்டான சர்க்கரை தண்டிற்கு இறங்கி, அங்குள்ள உயிரணுக்களின் நடுவே நிறைந்திருக்கும் பெரிய நுண்குமிழிற் சேர்கின்றது. சிறுவனின் நாவில் இனிக்கும் சாறு பெரும்பாலும் அந்நுண்குமிழின் நீரேயாம். விலங்கின் உயிரணுவிற் பசுங்கணிகம் இல்லை. நுண்குமிழும் இருப்பின் மிகச் சிறிதாகவே இருக்கும். ஆகவே விலங்குகள் யாவும் தமக்கு வேண்டிய உணவிற்குத் தாவரத்தையே நேராகவோ சுற்றுவழியாகவோ சார்ந்துள்ளன.

உண்ட சர்க்கரை சிறுவனின் உயிரணுக்களை அடைந்த பின், மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புகள் மூச்சுக்காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் அதிலிருந்து ஆற்றலை வெளிப்படுத்துகின்றன. அவன் ஓடுவதும் ஆடுவதும் அவ்வாற்றலால். இவ்வுறுப்புகள் தாவரத்திற்கும் உண்டு. புரதங்களை உருவாக்கும் நுண்ணிய துகள்களாகிய ரைபோசோம்களும் இரண்டிற்கும் பொதுவானவையே.

இவ்வனைத்தையும் நெறிப்படுத்தும் தலைமை உறுப்பு உட்கரு ஆகும். 1831ஆம் ஆண்டு இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார் இதனைத் தாவர உயிரணுக்களிற் கண்டு பெயரிட்டார். உட்கருவினுள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளை மக்களுக்குக் கொண்டு சேர்ப்பவை அவை. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுங்கால், அவ்விழைகள் தடித்துக் கண்ணுக்குப் புலனாகின்றன. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து, கதிர்க்கோல் போன்ற இழைத்தொகுதியால் இருபுறமும் ஈர்க்கப்பெற்று, இரண்டு புதிய உயிரணுக்களிலும் சமமாகச் சேர்கின்றன. விலங்கின் உயிரணுவில் இவ்விழைத்தொகுதி அமைதற்குச் சென்ட்ரோசோம் என்னும் உறுப்புத் துணை செய்யும். பூக்கும் தாவரங்களில் அவ்வுறுப்பு இல்லை. மனித உயிரணுவிற் குரோமோசோம்கள் 46. ஒவ்வோர் உயிரினத்திற்கும் தனித்தனி எண்ணிக்கை உண்டு.

இவ்விழைகளை எண்ணுவதே ஜானகி அம்மையாரின் தலையாய பணியாயிற்று. வளரும் வேரின் நுனியை வெட்டி, மருந்திலிட்டு, மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தல் வேண்டும். பல்லாயிரம் உயிரணுக்களுள் பிரியும் நிலையில் உள்ள சிலவற்றைத் தேடிக் காணல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இழைகளைப் பிழையின்றி எண்ணிப் படம் வரைதல் வேண்டும். ஓர் எண் பிழைத்தால் முடிவெல்லாம் பிழைபடும். கூரிய பார்வையும் அளவற்ற பொறுமையும் உடையார்க்கன்றி இது கைகூடாது.

கரும்பு ஆராய்ச்சி

தாயகம் திரும்பிய அம்மையார் திருவனந்தபுரத்தில் மகாராசா அறிவியற் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக விளங்கினார். பின்னர்க் கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் அறிஞராகப் பணி ஏற்றார்.

அந்நிலையம் 1912ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அக்காலத்தில் வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்தது. குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் அதிற் சர்க்கரை குறைவு. வெப்ப நாட்டுப் பருங்கரும்பிலோ சர்க்கரை மிகுதி. ஆனால் அது நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் ஆளாகும். ஆற்றங்கரைகளிலும் தரிசுகளிலும் தானே வளரும் காட்டுக் கரும்போ நாணல் போன்றது, இனிப்பு இல்லாதது, எனினும் எத்தகைய இடரையும் வெல்லும் உரம் உடையது. பருங்கரும்பின் இனிமையையும் காட்டுக் கரும்பின் உரத்தையும் ஒன்றுசேர்க்க முயன்றனர் பார்பர், வேங்கடராமன் என்னும் அறிஞர் இருவர். வெள்ளை என்னும் பெயருடைய பருங்கரும்பினையும் காட்டுக் கரும்பினையும் கலந்து அவர்கள் உண்டாக்கிய கோ 205 என்னும் கரும்பு, 1918ஆம் ஆண்டு உழவர்களுக்கு வழங்கப்பெற்றது. கோயம்புத்தூரின் பெயரே அதன் முதலெழுத்தாய் அமைந்தது.

இக்கலப்பின் நுட்பம் உயிரணுவின் உட்கருவிலே உள்ளது. பருங்கரும்பின் குரோமோசோம்கள் 80. கோயம்புத்தூர்க் காட்டுக் கரும்பின் குரோமோசோம்கள் 64. பெற்றோர் இருவரும் தத்தம் தொகையிற் பாதியை மகவுக்கு அளித்தலே உலகியற்கை. அவ்வாறாயின் மகவுக்கு 40உம் 32உம் கூடி 72 அமைதல் வேண்டும். ஆனால் கோ 205இல் இருந்தவை 112. தாய்க் கரும்பு தன் 80 இழைகளையும் குறைவின்றி அளித்துவிட, தந்தைக் கரும்பு தன் பாதியாகிய 32ஐ மட்டும் அளித்தது. கரும்பினத்தின் இவ்வியல்பை ஜாவாத் தீவில் ஆராய்ந்த பிரெமர் என்னும் அறிஞர் முன்னரே கண்டிருந்தார். இத்தகைய கலப்பினால்தான் உரம் வாய்ந்த காட்டுக் கரும்பின் மக்களிடத்தும் இனிமை கெடாது நின்றது.

இத்துறையில் ஜானகி அம்மையார் ஆழ்ந்து உழைத்தார். காட்டுக் கரும்பு இடத்திற்கு இடம் வேறுபட்ட குரோமோசோம் தொகைகளை உடையது; 40 முதல் 128 வரை அத்தொகை மாறக் காணலாம். எவ்வெவ்விடத்துக் கரும்பு எத்தொகை உடையது என்று ஆராய்ந்து, அவ்வினம் இந்தியாவிற் பரவிய வரலாற்றை அம்மையார் விளக்க முற்பட்டார். கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்தும் பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்து அவர் பெற்ற கலப்பினச் செடியைப் பற்றிய கட்டுரை 1938ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாகும் நேச்சர் என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1935ஆம் ஆண்டில், சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

எனினும் அவர் வழி மலர் பரப்பியதாக இல்லை. ஆடவரே நிறைந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் தனித்து நின்ற பெண்மணி. பிறப்பினால் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் சமூகத்தில், தாழ்த்தி எண்ணப்பெற்ற குலத்திற் பிறந்தவர். அவருடைய தகுதியை ஒப்புக்கொள்ள மனம் வராதவர் சிலர் இருந்தனர். அம்மையார் வாதிட்டுக் காலம் போக்கினாரல்லர். செய்த ஆராய்ச்சியே தமக்குச் சான்றாகும் என்று துணிந்தார். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எடின்பரோ நகரில் உலக மரபியல் அறிஞர் மாநாடு கூடியது. அதிற் கலந்துகொள்ளச் சென்றவர் அங்கேயே தங்க நேர்ந்தது; இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டுவிட்டது.

கடல் கடந்த பணி

இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் அம்மையார் உயிரணுவியல் அறிஞராக 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். இலண்டன் மாநகரின்மீது பகைவர் விமானங்கள் குண்டு பொழிந்த காலம் அது. இரவில் குண்டுக்கு அஞ்சிக் கட்டிலின் அடியில் ஒதுங்குவதும், பகலில் உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளை அகற்றிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வதுமாக அவர் நாட்கள் கழிந்தன. அந்நெருக்கடிக்கு இடையிலும், டார்லிங்டன் என்னும் பேரறிஞரோடு கூடிப் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுக்கும் பெருநூலை ஆக்கினார். 1945ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், பயிர்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு நெடுங்காலம் கைவிளக்காய் விளங்கியது.

பின்னர் விஸ்லி என்னும் ஊரில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் 1951 வரை பணி செய்தார். அங்கே கோல்ச்சிசின் என்னும் மருந்தைக் கொண்டு அவர் செய்த ஆராய்ச்சி சிறப்புடையது. ஐரோப்பாவில் வளரும் ஒருவகைப் பூண்டிலிருந்து அம்மருந்து எடுக்கப்பெற்றது. நம் நாட்டின் வேலிகளிற் படர்ந்து செந்தழல் போல் மலரும் காந்தளிலும் அது உண்டு. காந்தட் கிழங்கு நஞ்சாவதற்கு அதுவே காரணம். உயிரணு பிரியுங்கால் குரோமோசோம்களை இருபுறமும் ஈர்க்கும் இழைத்தொகுதி உருவாகாதவாறு அம்மருந்து தடுக்கும். ஆகவே குரோமோசோம்கள் இரட்டிக்கும். உயிரணுவோ பிரியாது நிற்கும். இவ்வாறு இருமடங்கு குரோமோசோம்களைப் பெற்ற செடிகள் சிலவற்றில் இலை தடிக்கும், பூ பெரிதாகும். நஞ்சாகிய பொருளும் அறிவுடையார் கையிற் பயன் தருதலை இதனால் அறியலாம்.

நம் நாட்டுச் சண்பகத்திற்கு உறவாகிய மக்னோலியா மரத்தின் இளஞ்செடிகளில் அம்மையார் இம்மருந்தைப் பயன்படுத்தினார். அவ்வாறு வளர்ந்த மரங்கள் விஸ்லியின் குன்றொன்றில் நடப்பெற்றன. வெண்ணிற மலர் பூக்கும் ஒருவகைக்கு ஜானகி அம்மாள் என்னும் பெயரையே சூட்டினர். தம் நாட்டிற் சிலரால் மதிக்கப்பெறாதவரின் பெயரை அயல்நாட்டு மரம் ஒன்று தாங்கி நின்றது.

தாயகம் அழைத்தது

விடுதலை பெற்ற இந்தியாவில் பண்டித ஜவாஹர்லால் நேரு பிரதமராக இருந்தார். 1890ஆம் ஆண்டு ஆங்கிலேயர் நிறுவிய இந்தியத் தாவரவியல் அளவைத்துறையைத் திருத்தி அமைக்க வருமாறு அவர் அம்மையாரை அழைத்தார். அம்மையார் 1951ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். 1952 முதல் அத்துறையின் சிறப்பு அலுவலராகப் பொறுப்பேற்று நாடெங்கும் சுற்றினார்.

அச்சுற்றில் அவருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. அசாம் பகுதியில் மக்னோலியா இனத்துள் அரிதாகிய ஒரு மரம் தனித்து நிற்பதாக அவர் அறிந்திருந்தார். அதனைக் காணும் வேட்கையோடு ஷில்லாங் நகரிலிருந்து 37 மைல் தொலைவு சென்றார். சென்று கண்டபோது அம்மரம் தீக்கிரையாகிக் கரிந்துபோயிருந்தது. எங்கோ உள்ள இங்கிலாந்துக் குன்றில் அதன் உறவு மரங்கள் காவலோடு தழைத்து மலர்கின்றன. பிறந்த மண்ணில் நின்ற மரமோ கேட்பாரற்று அழிந்தது.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. ஒரு மரம் எரிந்தால் விறகு மட்டுமா எரிகின்றது? அதன் ஒவ்வோர் உயிரணுவிலும், ஒவ்வோர் உட்கருவிலும், எத்தனையோ ஊழிகளாக இயற்கை சேர்த்து வைத்த மரபுச் செல்வம் உடன் எரிகின்றது. இனிப்பில்லாப் புல் என்று காட்டுக் கரும்பை எவரேனும் முற்றிலும் அழித்திருந்தால், உழவர் கையிற் கோ 205 வந்திருக்குமா? இன்று பயனற்றதாகத் தோன்றும் செடி, நாளை ஒரு பயிரைக் காக்கும் மருந்தாகலாம். அழிந்த இனத்தை மீண்டும் ஆக்க எந்த ஆராய்ச்சிக் கூடத்தாலும் எளிதில் இயலாது. ஆராய்ச்சியால் செடிகளின் இயல்பை மாற்றக் கற்றவராகிய அம்மையார், இயற்கையை மாற்றாது காத்தலும் அறிவியலின் கடமையே என்று உணர்ந்தார்.

உணவுப் பெருக்கம் கருதிக் காடுகள் வரைமுறையின்றி வெட்டப்பெற்ற காலம் அது. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் நிலவுலகை மாற்றி வரும் வகையைப் பற்றி அறிஞர் பலர் கூடி ஆராய்ந்தனர். அக்கூட்டத்திற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி ஜானகி அம்மையார். மண்ணையும் காட்டையும் சார்ந்து வாழும் இந்திய மக்களின் வாழ்க்கை முறையை அவர் அங்கே எடுத்து விளக்கினார். அடுத்த ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டது.

முதுமையில் ஓர் அறப்போர்

அலகாபாதிலும் ஜம்முவிலும் ஆராய்ச்சிப் பொறுப்புகளை ஏற்று நடத்திய அம்மையார், 1970ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து தங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர்நிலை ஆய்வு மையத்தோடு தொடர்பு கொண்டு, சென்னையை அடுத்த மதுரவாயலில் அமைந்த ஆய்வுக்களத்தில் மருந்துச் செடிகளையும், மலைவாழ் மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்தார். எளிய உடை, எளிய உணவு, இடையறாத உழைப்பு என்பவையே அவர் வாழ்க்கை. 1977ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

அந்நாளில் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்னாற்றல் பெறத் திட்டம் வகுத்தனர். நாட்டிற்கு மின்னாற்றல் வேண்டும் என்பது ஒருசார் மக்களின் கருத்து. ஆனால் மனிதர் கை படாத அம்மழைக்காடு நீரில் மூழ்கினால், அதன் உயிரினங்கள் மீளா என்பது அறிவியலார் பலரின் கவலை. இரண்டும் மக்கள் நலம் கருதியவையே. எனினும் மின்னாற்றலைப் பெறப் பிற வழிகள் உண்டு. அழிந்த காட்டைப் பெற வழி இல்லை. அணையை எதிர்த்த அறிஞர்களோடு, எண்பது வயதை எய்திய ஜானகி அம்மையாரும் சேர்ந்து நின்றார்.

அவர் எடுத்த படைக்கலம் வாளன்று, நுண்ணோக்கியே. அப்பள்ளத்தாக்கின் தாவரங்களுடைய குரோமோசோம்களை ஆராய்ந்து, அங்குள்ள மரபுச் செல்வத்தைக் கணக்கெடுக்கும் பணியை அவர் மேற்கொண்டார். இளமையிற் கரும்பின் வேர்நுனியில் இழைகளை எண்ணிய அதே கண்கள், முதுமையில் ஒரு காட்டைக் காப்பதற்காக அவற்றை எண்ணின. இங்ஙனம் பலர் செய்த முயற்சி வீண் போகவில்லை. 1983ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பெற்றது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் எண்பத்தாறாம் வயதில், மதுரவாயலில் தம் ஆய்வுப் பணிக்கு இடையிலேயே அம்மையார் இயற்கை எய்தினார். அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அதனைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் அங்கே இன்றும் பெய்யும் மழையும் தழைக்கும் மரமும் அவர் உழைப்பின் பயனை நினைவூட்டும்.

என்றும் வாழும் பெயர்

தாவர இனங்களைப் பகுத்தறியும் துறையில் சிறந்தோர்க்கு அவர் பெயரால் இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் விருது ஒன்றினை நிறுவியது. கொடைக்கானல் மலையில் உருவாக்கப்பெற்ற மஞ்சள் நிற ரோசா ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி மலர்கின்றது. எனினும் அவருடைய புகழ் விருதிலும் மலரிலும் அடங்குவதன்று.

உயிரணுவின் உறுப்புகளை அவற்றின் பெயரால் மட்டும் மனப்பாடம் செய்தல் கல்வியின் தொடக்கமேயாம். சுவர், படலம், பசுங்கணிகம், நுண்குமிழ், உட்கரு எனப் பலவாகக் கிடக்கும் அவை ஒன்றற்கொன்று உதவி ஓர் உயிரைத் தாங்குகின்றன என்று உணர்தல் அடுத்த படி. அவ்வுயிர்கள் பலவும் ஒன்றையொன்று சார்ந்தே இந்நிலவுலகு நடைபெறுகின்றது என்று தெளிந்து, அவற்றைக் காத்தல் கல்வியின் பயன். ஜானகி அம்மையார் இம்மூன்று படிகளையும் ஏறியவர்.

அடுத்த தைத்திங்களில் பொங்கற் கரும்பைக் கையில் எடுக்கும் மாணவன், அதன் ஒரு கணுவிற்குள் எண்ணற்ற உயிரணுக்கள் உள்ளன என்பதையும், வயலிலுள்ள ஆலைக் கரும்பின் உட்கருவில் ஒரு காட்டுப் புல்லின் உரம் கலந்துள்ளது என்பதையும் ஒருகணம் நினைத்துப் பார்ப்பானாக. அருகே வேலியோரத்தில் நிற்கும் பெயர் தெரியாத செடியையும் வீணே பிடுங்கி எறியாது விடுவானாக. அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.